நாற்பது மணி நேரம்

பட்டம் வாங்க நாற்பது மணி நேரம்
சமூகத்துக்குச் சேவை செய்திருக்க வேண்டும்.
கடற்கரையில் பிளாஸ்டிக் பொறுக்கி
முப்பத்து நான்கை முடித்திருந்தோம்.
மீதியைக் கழிக்க
செப்டம்பர் வெள்ளியொன்றில்
ஷார்ஜா தாண்டி, சஜா தொழிலாளர் முகாமுக்குப்
பல்கலைக்கழக பஸ்ஸில் போனோம்.
பச்சைச் சட்டை, முதுகில் ஓர் இலை,
இலைக்குக் கீழே சட்டைக்குக் காசு கொடுத்த வங்கி.

ஏசி சொட்டும் நீரைச் சேமிப்பது எப்படி என்று
அவர்களுக்குச் சொல்லித்தருவது திட்டம்.
ஹெஸ்ஸா வரைபடம் போட்டிருந்தாள்.
தாரிக் குழாய் விலை விசாரித்திருந்தான்.
எனக்குத் தமிழ் தெரியும் என்பதால்
நான் வாய்.

பி பிளாக்கின் பின்புறம்
வரிசையாய்ப் பெயின்ட் வாளிகள்,
ஒவ்வொரு ஏசிக்கும் கீழே ஒன்று,
நிரம்பியும் நிரம்பாமலும்.
அந்த நீரில் துவைத்த சட்டைகள் கொடியில்.
சிமென்ட் மூட்டையில் புதினா.
ஹெஸ்ஸா வரைபடத்தை
மெதுவாகச் சுருட்டினாள்.

"எவ்வளவு நாளா இப்படி?"
"நான் வர்றதுக்கு முன்னாடியிருந்தே" என்றான் ஜெபஸ்டின்.
மூக்கையூர்ப் பக்கம். என் வயதுதான்.
பாலிடெக்னிக் நான்காம் செமஸ்டரில்
ஃபீஸ் கட்டாமல் நின்றவன். இங்கே சாரம் கட்டுகிறான்.

கொண்டுபோன கேள்வித்தாளையாவது கேட்போம் என்று
ஆங்கிலத்தைத் தமிழாக்கிக்கொண்டே போனேன்.
ஏழாம் கேள்வி:
நீடித்த வளர்ச்சி என்றால் உங்களுக்கு என்ன?
"நீடிச்சதுன்னா?"
"ரொம்ப நாளைக்கு இருக்கிறது."
சிரித்தான். பின்னாலிருந்தவர்களிடம் சொன்னான்,
அவர்களும் சிரித்தார்கள்.
"இங்க எல்லாமே ரெண்டு வருசம்தான், மேடம்.
நீட்டிச்சா இன்னும் ரெண்டு."

மேடம் சுட்டது.
இங்கேயே பிறந்தவள் நான்,
என் விசா அப்பாவின் விசாவில் தொங்குகிறது,
அப்பாவின் விசா ஒரு கம்பெனியின் வாலில்.
சொல்லவில்லை.
தனி அறையில் தூங்கி எழுந்து வந்தவள்
அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

"வேற என்ன வேணும்?"
தாளில் இல்லாத கேள்வி.
தாரிக் உடைந்த இந்தியில் கேட்டான்.
"பஸ்" என்றார்கள் ஐந்தாறு பேர்.
வாசலிலிருந்து ரவுண்டானா வரை நடந்தால்தான் பஸ்.
பணம் அனுப்ப, மருந்து வாங்க, சர்ச்சுக்கு, பள்ளிவாசலுக்கு
எல்லாம் அந்த நடைதான்.
"வழியில நிழல் கிடையாது. மரம்கூட வேணாம்,
நிக்கிற இடத்துல ஒரு தகரம் போதும்."

கேள்வித்தாளில் தகரத்துக்குக் கட்டமில்லை.

அடுத்த வெள்ளி போனபோது பல்கலைக்கழக பஸ் இல்லை.
உங்களுக்குத்தான் நாற்பது முடிந்துவிட்டதே
என்றார் பேராசிரியர்.
வாசலில் தொடங்கி நடந்தோம், ஜெபஸ்டின் முன்னால்.
நாலாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு எட்டு.
மரம் பூஜ்யம்.
தார் ரோட்டில் வைத்த வெப்பமானி
அறுபத்தொன்று காட்டியது.
ஹெஸ்ஸாவின் செருப்பு இளகி அடிப்பாகம் கழன்றது.
அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.
மாநகராட்சியில் இருக்கும் மாமாவிடம்
அன்றிரவு நிறையப் பேசியிருக்கிறாள்.

வெப்பமானியை அவனிடமே விட்டு வந்தோம்.
கம்பெனி பஸ் வாசலில் இறக்கிவிட்டதும்
தினமும் வாட்ஸப்பில் ஓர் எண் வரும்,
வணக்கம்கூட இல்லாமல்.
நாற்பத்தொன்பது. ஐம்பத்தொன்று. நாற்பத்தெட்டு.
ஒரு நாள் மட்டும்:
ஐம்பது. எனக்குக் காய்ச்சல். மகாலிங்கம் எடுத்தது.

தகரம் இன்னும் வரவில்லை.
பரிசீலனையில் இருப்பதாக ஒரு கடிதம் வந்தது,
அழகான அரபியில்.

அறிக்கையை ஏற்றும் இரவு
பெயர்கள் எழுதும் பக்கத்துக்கு வந்தோம்.
ஹெஸ்ஸா, தாரிக், நான்.
நான்காவதாய் அவன்.
பெயருக்கு எதிரே மாணவர் எண் கேட்டது படிவம்,
நிரப்பாமல் அடுத்த பக்கம் போக விடாது.
ஃபோன் செய்தேன்.
கொஞ்சம் யோசித்துச் சொன்னான்.
அப்படியே அடித்தோம்:
பி பதினான்கு, மேல் கட்டில்.